பிள்ளையை ஒப்படைக்கும் முன்
(போலகத்தில் நடைபெற்ற கிராமக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஆற்றிய உரை)



சந்தைக்குச் சென்று ஓர் உழவு மாடு வாங்குகிறோம். சுழி பார்க்கிறோம், பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம், எந்த ஊர் மாடு, எவர் கொட்டிலில் நின்றது என்று விசாரிக்கிறோம். விதை நெல்லாயின், எந்த வயலில் விளைந்தது என்று கேளாமல் நாற்றங்காலில் தெளிப்பதில்லை. ஆனால், பிள்ளையை ஒரு விடுதியிலோ காப்பகத்திலோ ஒப்படைக்கும்போது, அங்கே சமைப்பவர் யார், இரவில் காவல் இருப்பவர் யார், அவர்கள் இதற்கு முன் எங்கே இருந்தார்கள் என்று நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்? இதனையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம் 2012ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. அதன்கீழ் 2020இல் வகுக்கப்பட்ட விதிகள் ஒரு கடமையைத் தெளிவாக விதிக்கின்றன. பள்ளி, குழந்தைகள் காப்பகம், விளையாட்டுப் பயிற்சிக் கூடம் ஆகிய எதுவாயினும், அங்குள்ள ஊழியர் ஒவ்வொருவரைப் பற்றியும் போலீஸ் சரிபார்ப்பும் பின்னணி விசாரணையும் நடைபெற வேண்டும். ஆசிரியர், ஆசிரியர் அல்லாதவர், நிரந்தர ஊழியர், ஒப்பந்த ஊழியர் என்ற பேதம் அதில் இல்லை. ஒருமுறை செய்து கட்டி வைப்பதும் போதாது. குறித்த கால இடைவெளியில் மீண்டும் செய்ய வேண்டும்.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருக்க, குறை எங்கே நேர்கிறது? நாம் கண்ட ஒன்றைச் சொல்கிறோம். ஒரு விடுதியைப் பார்வையிடச் சென்றபோது, இரவுக் காவலாளியின் சான்றிதழைக் கேட்டோம். உடனே எடுத்துக் கொடுத்தார்கள். ‘இந்நிலைய எல்லைக்குள் இவர்மீது வழக்கு ஏதும் இல்லை’ என்று அதில் எழுதியிருந்தது. அந்த மனிதர் இவ்வூருக்கு வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. அதற்கு முன் அவர் வாழ்ந்த மூன்று ஊர்களைப் பற்றி அந்தக் காகிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. பின்னர் முறைப்படி அம்மூன்று ஊர்களிலும் விசாரிக்கப்பட்டது. அவர் மாசற்றவர் என்றே தெரிந்தது. மகிழ்ச்சி! ஆனால் அதுவரை அங்கிருந்த பிள்ளைகளைக் காத்தது நமது விழிப்பு அன்று. அவருடைய நல்ல குணமே. எல்லா இடத்திலும் அந்த நல்லூழ் வாய்க்கும் என்று நாம் இருந்துவிட முடியுமா?

நம் காரைக்கால் பகுதிக்கு இக்கவலை இருமடங்கு உண்டு. நம்மைச் சூழ்ந்திருப்பது தமிழ்நாடு. போலகத்திலிருந்து சிறிது தூரம் தெற்கே சென்றால் வாஞ்சூர். அதைத் தாண்டினால் நாகூர். இங்கே புதுச்சேரிப் போலீஸ்; அங்கே தமிழ்நாட்டுப் போலீஸ். 1954 நவம்பர் 1 வரை இது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. இப்பால் வந்துவிட்டவரை அப்பாலுள்ள போலீசார் தொட முடியாது என்று முதியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த எல்லை போயிற்று. ஆனால் பதிவேடுகளுக்கிடையே இருந்த எல்லை அதற்குப் பின்னரும் நெடுங்காலம் நின்றது.

இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் சோகம் என்னும் சிற்றூரில், 2002 ஆகஸ்டில், பத்து வயதுச் சிறுமியர் இருவரை ஒரு பள்ளிப் பராமரிப்பாளன் கொன்றான். அவன்மீது முன்பே வேறு பகுதிப் போலீசாரிடம் பல புகார்கள் வந்திருந்தன. அவனை வேலைக்கு எடுத்தபோது அச்செய்தி இப்பகுதிக்கு வந்து சேரவில்லை. 2004இல் வெளிவந்த பிச்சார்ட் விசாரணை அறிக்கை இதனை விரிவாக ஆராய்ந்தது. 2006இல் அந்நாடு புதிய சட்டமே இயற்றியது. செல்வமும் கல்வியும் மிக்க நாட்டில்கூட, ஒரு பதிவேட்டுச் செய்தி மற்றொரு பதிவேட்டை எட்டாததால் எவ்வளவு பெரிய கேடு நேர முடிந்தது, பாருங்கள்.

நம் அரசும் வாளாவிருக்கவில்லை. நாட்டின் காவல் நிலையங்களை ஒரே கணினி வலையில் இணைக்கும் திட்டத்துக்கு 2009இல் மத்திய அரசு 2,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. பாலியல் குற்றவாளிகளின் தேசியப் பட்டியல் 2018இல் தொடங்கப்பட்டது. அதனைப் போலீசார் மட்டுமே பார்க்க இயலும். குழந்தைப் பாதுகாப்புக்கென உள்ள மிஷன் வாத்சல்யா திட்டத்தில், சட்டமன்றம் உள்ள யூனியன் பிரதேசங்களுக்கு மத்திய அரசு 60 பங்கும் பிரதேச அரசு 40 பங்கும் அளிக்கின்றன. வளர்ப்புக் குடும்பத்தில் வாழும் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவி இத்திட்டத்தில் உண்டு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் பெற்றோரை இழந்த பிள்ளைகளைக் கண்ட கரை இது. பிள்ளையை ஏற்க நீளும் கை எத்தகைய கை என்று அறிவதன் அருமையை உங்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

அன்பர்களே, பணம் வந்தது, கருவியும் வந்தது. எனினும் மதகு திறக்காமல் கடைமடைக்கு நீர் வராது. பெயரும் இன்றைய முகவரியும் மட்டும் எழுதி அனுப்பினால், பழைய சான்றிதழைப் போன்ற ஒன்றே திரும்பி வரும். முன்பு வாழ்ந்த ஊர்கள் அனைத்தையும் கேட்டு எழுதி அனுப்புவோமானால், விசாரணை அவ்வூர்களையும் சென்று எட்டும்.

ஆகவே மூன்று காரியங்களை வேண்டுகிறோம். முதலாவது, உங்கள் ஊரில் குழந்தைகள் தங்கும் இடம் எதுவாயினும், அது இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற வேண்டியதா, பெற்றிருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டாவது, ஊழியர் ஒவ்வொருவரின் முந்தைய ஊர்களும் விண்ணப்பத்தில் இடம் பெற்றனவா, சரிபார்ப்பு எப்போது நடந்தது என்று நிர்வாகத்தாரைக் கேளுங்கள். மூன்றாவது, சான்றிதழ் சுத்தமாக இருக்கிறது என்று கண்ணை மூடிவிடாதீர்கள். புகாராகாத குற்றம் எந்தப் பதிவேட்டிலும் இராது. பிள்ளை ஓர் இடத்துக்குப் போக அஞ்சினால், அதட்டாமல் காரணம் கேளுங்கள். ஐயம் தோன்றினால் 1098 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. வெளியூர்க்காரர், ஏழை என்ற காரணத்தால் எவரையும் சந்தேகிப்பது விசாரணை அன்று, வம்பு. தெரிய வந்ததைத் திண்ணையில் பரப்பாமல் உரியவரிடம் மட்டும் சொல்லுவதே முறை. அக்காவலாளி நம்மிடம் சொன்னது நினைவுக்கு வருகிறது: “கேட்டது நல்லதுங்க. இனிமே யாரும் என்னைச் சந்தேகமாப் பார்க்க மாட்டாங்க.” நல்லவருக்கு விசாரணை ஒரு கவசம்.

மாட்டின் சுழி பார்க்கத் தவறினால் ஒரு பருவ உழவு கெடும். இங்கே தவறினால் ஒரு வாழ்வே கெடும். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள் என்று கேட்டுக்கொண்டு விடை பெறுகிறோம்.