ஒளிக்கு ஒரு ஜங்ஷன்

(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பௌதிகம் படித்து, மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், விஞ்ஞானம் பற்றிப் பேசும்படி காரியதரிசி பணித்தார்.

அமெரிக்காவில் இருக்கும் பேரனோடு முகம் பார்த்துப் பேசுகிறோமே, அந்தப் பேச்சு கடலடியில் தலைமுடி பருமனுள்ள கண்ணாடி இழையில் ஒளியாகப் போகிறது. இது சாத்தியம் என்று சார்ல்ஸ் காவ் 1966-ல் எழுதினார். நோபல் பரிசு 2009-ல் வந்தது.

ஆரம்பத்தில் வழியில் ஒரு சிக்கல். சில பத்து கிலோமீட்டருக்கு ஒரு தரம் ஒளியை மின்சாரமாக்கி, சீர்செய்து, மறுபடி ஒளியாக்க வேண்டியிருந்தது. ஜங்ஷனுக்கு ஜங்ஷன் மூட்டை முடிச்சுடன் இறங்கி வேறு ரயில் ஏறுகிற மாதிரி! 1987-ல் வந்த எர்பியம் கலந்த இழை, ஒளியை ஒளியாகவே பெருக்கியது. அதன்பின் ஒரே இழையில் பல அலைநீளங்களைச் சேர்த்து அனுப்புவது பெருகியது. அவற்றைப் பிரிப்பது எப்படி?

அந்தக் காலத்தில் ஜங்ஷனில் ஒரு பெட்டியை மட்டும் கழற்றி வேறு ரயிலில் மாட்டுவார்கள். உள்ளே இருப்பவர் தூக்கம் கலையாமல் ஊர் போய்ச் சேருவார். அந்த வேலையை ஒளிக்குச் செய்வதுதான் ஒளிச்சுற்று சிப். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் மெயின்ட் ஸ்மிட் 1988-ல் ஒரு வழி காட்டினார். சிப்பின் மேல் பல ஒளிப்பாதைகள். ஒவ்வொன்றும் பக்கத்துப் பாதையைவிட ஒரே அளவு நீளம் கூடியது. அவற்றைக் கடந்த அலைகள் மறுபடி கூடும்போது, ஒவ்வொரு அலைநீளமும் தனக்குரிய வாசலில் வெளியேறிவிடும்.

லேசர் முதலிய எல்லாவற்றையும் இப்படி ஒரே சிப்பில் அடக்கலாம் என்று பெல் ஆய்வுக்கூடத்தின் ஸ்டூவர்ட் மில்லர் 1969-லேயே எழுதிவிட்டார். ஆனால் எளிதில் கிடைக்கும் சிலிக்கன் சரியாக ஒளி உமிழாது. இண்டியம் பாஸ்பைடு உமிழும். அதைக் கையாளுவது கடினம். பத்து லேசர்களை ஒரே சிப்பில் வைத்து, விநாடிக்கு 100 ஜிகாபிட் அனுப்பும் சாதனத்தை அமெரிக்காவின் இன்ஃபினெரா 2004-ல்தான் கொண்டுவந்தது.

1969-லிருந்து 2004 வரை 35 வருஷம். நம்மைப் போன்ற ஒரு உத்தியோகஸ்தரின் முழு சர்வீஸ்! அத்தனை வருஷமும் ஆய்வுக்கூடத்தை விட்டு நகராமல் பலர் உழைத்திருக்கிறார்கள்.

இன்று சென்னை ஐஐடியிலும் சிலிக்கன் ஒளிச்சுற்றுகளுக்கென்று ஆராய்ச்சி மையம் இருக்கிறது. நம் அகத்துக் குழந்தை ஒன்று, "பௌதிகத்தில் ஆராய்ச்சி பண்ணப் போகிறேன்" என்றால், "சம்பளம் எவ்வளவு வரும்?" என்று முதல் கேள்வியாகக் கேட்காதீர்கள். "என்ன ஆராய்ச்சி, சொல்லேன்" என்று பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள். பெரியவர்களாக நாம் கொடுக்கக்கூடிய ஸ்காலர்ஷிப் அதுதான்.