மாப்ளே என்று கூப்பிட ஆளில்லாதவர்கள்

(ஏற்காடு ஒண்டிக்கடையில், இளம் கால்நடை மருத்துவர்கள், கால்நடை ஆய்வாளர்கள், பராமரிப்பு உதவியாளர்கள், மாணவர்கள் கூடிய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, இந்தக் குளிரில் வந்திருக்கிறீர்கள். கால்நடைத் துறைக்காரர்கள் கூடிப் பேச ஒண்டிக்கடை பொருத்தமான இடம்தான். ஊர்ப் பெயரிலேயே ஒண்டி இருக்கிறது. மலையில் வேலை பார்க்கிற மருத்துவரும் உதவியாளரும் ஒண்டியாகத்தான் இருக்கிறார்கள். ராத்திரி 11 மணிக்குக் கன்று குறுக்கே மாட்டிக்கொண்டால் பக்கத்தில் கேட்க ஆள் கிடையாது. பல இடங்களில் செல்போன் சிக்னலும் கிடையாது.

எனக்குக் கொடுத்த தலைப்பு தொழில் வழிகாட்டுதல். அழைப்பிதழில் மென்டர்ஷிப் என்று போட்டிருந்தார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால், கோட்டு போட்ட ஒருவர் காபி குடித்துக்கொண்டே புத்தி சொல்வது போல எனக்குத் தோன்றும். நம் தொழிலில் இதற்குப் பழைய பேச்சு ஒன்று உண்டு. கூட நின்று பழகுவது.

ஏன் கூட நிற்க வேண்டும்? சினை பார்ப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். மலக்குடல் வழியாகக் கையை உள்ளே விட்டு, குடல் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற கருப்பையை விரல் நுனியால் தடவித் தெரிந்துகொள்ள வேண்டும். கண்ணுக்கு எதுவும் தெரியாது. இரண்டு மாதச் சினையா, சீழ் கட்டிய கருப்பையா என்பதை விரல்தான் சொல்லும். அந்த விரலுக்குப் பழக்கம் வர எத்தனையோ மாடுகளைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் "இப்ப நீ தொட்டது என்ன, சொல்லு" என்று கேட்டுத் திருத்த ஓர் ஆள் வேண்டும். பால் காய்ச்சலில் விழுந்த மாட்டுக்குக் கால்சியம் ஏற்றுவதும் அப்படித்தான். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும் என்று புத்தகம் சொல்கிறது. எவ்வளவு வேகம் என்பது, பாட்டிலை நீங்கள் பிடித்திருக்க, மாட்டின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்த ஒருவர் "இறக்கு, இறக்கு" என்று சொல்லும்போதுதான் தெரியும்.

ஆக, இந்தப் படிப்பில் முக்கியமான கேள்வி ஒன்றுதான். பக்கத்தில் நிற்க யாரைக் கூப்பிடுகிறார்கள்?

நான் சேலம் மாவட்டத்தில் ஓர் அருந்ததியர் தெருவில் பிறந்தவள். ஊருக்குள் மாடு செத்தால் இழுத்து வருவது எங்கள் அப்பாவின் வேலை. செத்த மாடு எங்களுக்கு. உயிரோடு இருக்கிற மாட்டின் கட்டுத்தரையில் எங்கள் அம்மா சாணி அள்ளலாம், மடியில் கை வைக்கக் கூடாது. அந்தத் தெருவிலிருந்துதான் 1990களின் தொடக்கத்தில் நான் கால்நடை மருத்துவம் படிக்கப் போனேன்.

கல்லூரியில் டிராவிஸ், அதாவது மாட்டை நிறுத்துகிற இரும்புச் சட்டம் இருக்கும். அதில் மாட்டை ஏற்றியதும் ஓர் ஆசிரியர் கூப்பிடுவார்: "வாடா மாப்ளே, கைய விடு." அடுத்த மாட்டுக்கு, "எங்கடா பங்காளி?" என்னிடம் வரும்போது, "நீ பின்னாடி நின்னு பாரும்மா." அவர் என்னை ஒரு நாளும் திட்டியதில்லை. சாதி கேட்டதில்லை. புகார் எழுத உட்கார்ந்தால் எழுதுவதற்கு ஒன்றுமே இருந்திருக்காது. ஆனால் மாப்ளே, பங்காளி, மச்சான் என்பவை என்ன சொற்கள்? பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற வட்டத்துக்குள் இருப்பவனைக் கூப்பிடுகிற சொற்கள். தமிழ்நாட்டில் தொழில் ரகசியம் கைமாறுவது பெரும்பாலும் இந்த உறவுமுறைச் சொற்களில்தான். அந்த வட்டத்துக்கு வெளியே இருப்பவளுக்குப் பாடப்புத்தகம் கிடைக்கும், மதிப்பெண்ணும் கிடைக்கும், மாடு கிடைக்காது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் "கற்றுத் தராமல் விட்டது" என்று ஒரு பிரிவு கிடையாது.

இதை என் சொந்தப் புலம்பல் என்று ஒதுக்கிவிட வேண்டாம். டெல்லி எய்ம்ஸில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களின் நிலையை ஆராய்ந்த தோரட் குழு 2007இல் அறிக்கை கொடுத்தது. மற்ற மாணவர்களுக்குக் கிடைக்கிற ஆசிரியரின் உதவியும் நேரமும் தங்களுக்குக் கிடைப்பதில்லை, செய்முறைத் தேர்விலும் வாய்மொழித் தேர்விலும் பாகுபாடு இருக்கிறது என்று மாணவர்கள் அந்தக் குழுவிடம் சொன்னார்கள். நாட்டின் முதல் மருத்துவமனையிலேயே அப்படி என்றால், மாட்டுக்கொட்டகையில் எப்படி என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இட ஒதுக்கீடு நம்மை வாசல்வரை கொண்டு வந்திருக்கிறது. அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2009இல் வந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு 2021இல் கால்நடை மருத்துவத்துக்கும் வந்தது. பழங்குடிகளுக்கு 1 விழுக்காடு. அதாவது நூறு இடம் இருந்தால் ஒருவர். இந்த ஏற்காடு தொகுதியே பழங்குடிகளுக்கான தனித்தொகுதி. இங்கே இருக்கிற மலையாளி மக்களை, வெளியூர்த் தோழர்கள் கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. சேர்வராயன், கல்வராயன், கொல்லிமலைப் பழங்குடிகள் அவர்கள். அந்தச் சமூகத்துப் பிள்ளை ஒருத்தி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போனால், வகுப்பில் அவள் ஒருத்தி. மேல் வகுப்பில் ஒருவர் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். "அக்கா, இந்த சார்கிட்ட எப்படிப் பேசுறது?" என்று கேட்க அவளுக்கு அக்கா வேண்டும்.

எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தது யார் என்று சொல்கிறேன். முதல் போஸ்டிங்கில், அந்தக் கால்நடை மருந்தகத்தில் பராமரிப்பு உதவியாளராக இருந்த ஓர் அண்ணன். எங்கள் ஆள்தான். வெளியாள் முன்னால் என்னை டாக்டரம்மா என்பார், தனியாக இருந்தால் கண்ணு என்பார்.

ஒருநாள் கன்று போடுகிற மாடு, ஆறு மணி நேரமாக முக்குகிறது, ஒன்றும் வரவில்லை. உள்ளே கை விட்டால் பாதை திருகிக்கொண்டு போகிறது. கருப்பை முறுக்கம். எந்தப் பக்கம் முறுக்கியிருக்கிறதோ அந்தப் பக்கமாகவே மாட்டைப் படுக்க வைத்து, வயிற்றின் மேல் பலகை வைத்து, பலகை மேல் ஆள் ஏறி நிற்க, அதே பக்கமாக உருட்ட வேண்டும். நான் படத்தில் பார்த்திருந்தேன். அண்ணன்தான் கயிறு கட்டுகிற விதத்தையும், பலகையில் எங்கே மிதிப்பது, எப்போது நிறுத்திவிட்டு மறுபடி கை விட்டுப் பார்ப்பது என்பதையும் சொன்னார். இரண்டாவது உருட்டலில் முறுக்கு விட்டது. கன்று உயிரோடு வந்தது.

இன்னொரு நாள் திடீரென்று செத்த மாடு. பிரேதப் பரிசோதனைக்கு நான் கத்தியை எடுத்துவிட்டேன். "கண்ணு, நில்லு. மூக்குலயும் பின்னாடியும் கறுப்பா ரத்தம் கசியுது பாரு. உறையல. இத அறுக்கக் கூடாது. எங்க தெருவுல இப்படி மாட்ட அறுத்தவங்களுக்குக் கையில கறுப்புப் புண்ணு வந்துச்சு, ரெண்டு பேரு செத்தாங்க." அடைப்பான் நோய், ஆந்த்ராக்ஸ். காதிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவி அனுப்பினோம், மாட்டைச் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைத்தோம். பாடப்புத்தகத்திலும் இது இருக்கிறது. ஆனால் அண்ணனுக்கு இது புத்தகத்திலிருந்து வரவில்லை. தலைமுறை தலைமுறையாகச் செத்த மாட்டை இழுக்க வைக்கப்பட்டவர்கள், உயிரைக் கொடுத்துத் தெரிந்துகொண்டது.

அவர் ஓய்வு பெறுகிறவரை, அவர் பெயர் ஒரு சிகிச்சைப் பதிவேட்டிலும் ஏறவில்லை. பிரேதப் பரிசோதனையில் கத்தி பிடித்தவர் பல நாள் அவர்தான், கையெழுத்து மட்டும் மருத்துவருடையது.

சட்டம் என்ன சொல்கிறது? இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம், 1984, பிரிவு 30. பட்டயமோ சான்றிதழோ பெற்றவர்கள் சிறு கால்நடை மருத்துவப் பணிகளைச் செய்யலாம். பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையிலும் அறிவுறுத்தலிலும் செய்ய வேண்டும். மேற்பார்வை என்கிற சொல் இருக்கிறது. கற்றுக்கொடுப்பது என்கிற சொல் இல்லை. நடைமுறையில் மேற்பார்வை என்றால் மரத்தடியில் நாற்காலி.

இதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதற்கு ஓர் உதாரணம். கிடேரிக் கன்றுகளுக்கு 4 முதல் 8 மாதத்துக்குள் புருசெல்லா தடுப்பூசி போடுகிறோம். அது உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசி. கன்று துள்ளி, ஊசி கையில் குத்தினாலோ மருந்து கண்ணில் தெறித்தாலோ, போடுகிற மனிதருக்கே அந்த நோய் வரும். விட்டு விட்டுக் காய்ச்சல், மூட்டு வலி, மாதக்கணக்கில். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். கன்றை அமுக்கிப் பிடிப்பவர் யார்? உதவியாளர். காய்ச்சல் வந்தால் "மலேரியாவா இருக்கும்" என்று மாத்திரை வாங்கி விழுங்குபவர் யார்? அவரேதான். "கன்றுக்கு ஊசி போடும்போது கையில் குத்திவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொல்லுங்கள்" என்று அவரிடம் சொல்வதற்குப் பெயர்தான் வழிகாட்டுதல். இங்கே கையைத் தூக்குங்கள் பார்ப்போம், எத்தனை உதவியாளர்களிடம் இதை யாராவது சொல்லியிருக்கிறார்கள்? நாலு கை. சரி.

இன்னொன்று, எந்தக் கல்லூரியும் சொல்லிக் கொடுக்காதது. வீட்டு வாசலில் வருகிற கேள்வி. "டாக்டரம்மாவுக்கு எந்த ஊருங்க? ஊர்ல எந்தப் பக்கம்?" நம் எல்லோருக்கும் தெரியும் அது என்ன கேள்வி என்று. மாட்டின் மலக்குடலுக்குள் தோள்வரை போய் வந்த கை அவர்களுக்குத் தீட்டில்லை. கை கழுவச் சொம்பைத் தொடப்போனால், "இருங்க, நான் ஊத்துறேன்" என்று உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். இதற்கு என்ன பதில் சொல்வது, எப்போது சிரித்துவிட்டு வருவது, எப்போது பையை எடுத்துக்கொண்டு கிளம்புவது, எப்போது எழுத்தில் புகார் கொடுப்பது? இதை மாப்ளே சீனியர்களிடம் கேட்க முடியாது, அவர்களுக்கு அது நேர்ந்ததே இல்லை. நம்மில் மூத்தவர்கள்தான் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால், வேலைக்குச் சேர்ந்த பிள்ளை இரண்டாவது வருஷத்தில் மேஜை வேலைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விடும். போயிருக்கிறார்கள்.

சில தோழர்கள் என்னிடம் கேட்பதுண்டு. செத்த மாட்டை இழுக்கிற வேலையை விட்டுவிடுங்கள் என்றுதானே அண்ணல் சொன்னார், மறுபடியும் எதற்கு மாட்டுக்கிட்டயே போகிறீர்கள்? 2016இல் குஜராத்தின் உனாவில், செத்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்களைக் கட்டி வைத்து அடித்தார்கள். அதன் பிறகு அங்கே நம் மக்கள் செத்த மாடுகளைக் கொண்டுபோய் அரசு அலுவலக வாசலில் போட்டார்கள். சரியான பதில் அது. விட வேண்டியது அந்தக் கட்டாயத்தை, இலவச ஊழியத்தை. மாட்டைப் பற்றிய அறிவை எதற்கு விட வேண்டும்? நம்மிடமிருந்து எடுத்துப் பாடமாக்கி, நம்மைப் பின்னால் நிற்கச் சொல்கிறார்கள். அதை சம்பளத்தோடும் பென்ஷனோடும் கையெழுத்து அதிகாரத்தோடும் திரும்ப வாங்குவதில் என்ன தப்பு?

அமெரிக்காவில் கறுப்பின மக்கள் இதை ஒரு நிறுவனமாகவே கட்டினார்கள். தெற்கு மாநிலங்களில் வெள்ளையர் கல்லூரிகள் சேர்த்துக்கொள்ளாத காலத்தில், 1945இல், அலபாமாவின் டஸ்கிகியில் கால்நடை மருத்துவப் பள்ளி தொடங்கினார்கள். முன்நின்றவர் பிரெடரிக் பேட்டர்சன், அவரே கால்நடை மருத்துவர். இன்று அந்த நாட்டின் கறுப்பினக் கால்நடை மருத்துவர்களில் சுமார் 70 விழுக்காட்டினர் அங்கே படித்தவர்கள் என்கிறார்கள். நம் ஆய்வகத்தில் எந்த ஆன்டிபயாடிக் வேலை செய்யும் என்று பார்க்க முல்லர்-ஹின்டன் அகர் தட்டு வைக்கிறோமே, அதில் ஹின்டன் என்பவர் ஜேன் ஹின்டன். 1949இல் அமெரிக்காவில் முதன்முதலாகக் கால்நடை மருத்துவப் பட்டம் பெற்ற இரண்டு கறுப்பினப் பெண்களில் ஒருவர். இன்னொருவர் அல்ஃப்ரீடா வெப், டஸ்கிகியில் படித்தவர். அந்தத் தட்டை நான் வருஷக்கணக்கில் கையாண்டேன். அது ஒரு கறுப்பினப் பெண்ணின் பெயர் என்று எந்த வகுப்பிலும் யாரும் சொல்லவில்லை.

சீனியர் என்றால் என்ன என்பதிலும் நமக்குத் தெளிவு வேண்டும். 2024 பிப்ரவரியில் வயநாடு பூக்கோடு கால்நடை மருத்துவக் கல்லூரியில், ராகிங் கொடுமைக்குப் பிறகு ஒரு மாணவர் விடுதியில் பிணமாகக் கிடந்தார். 2019இல் மும்பையில் பழங்குடிப் பெண் மருத்துவர் பாயல் தட்வி இறந்தார். சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியதாக மூன்று சீனியர்கள் மேல் வழக்கு. "சீனியர் சொன்னால் கேட்டுக்கணும்" என்பதை வழிகாட்டுதல் என்று நாமும் செய்யப் போகிறோம் என்றால், இந்தக் கூட்டத்தை இப்போதே கலைத்துவிடலாம்.

அரசிடம் கேட்க வேண்டியவை தனி. கால்நடை மருத்துவப் படிப்பில் இப்போது ஒரு முழு வருஷம் பயிற்சி மருத்துவர் காலம். அந்த வருஷத்தில் ஒவ்வொருவரும் தன் கையால் எத்தனை சினை பார்த்தார், எத்தனை கன்று எடுத்தார் என்று பெயர்வாரியாகப் பதிவேடு வேண்டும், அது ஒதுக்கீட்டுப் பிரிவுவாரியாக வெளியிடப்பட வேண்டும். பின்னாடி நின்று பார்த்தது கணக்கில் வரக் கூடாது. சிகிச்சைப் பதிவேட்டில் உடனிருந்த உதவியாளரின் பெயருக்கு ஒரு கட்டம் வேண்டும். ஒரு கட்டம்தான், அச்சடிக்கக் கூடுதல் செலவில்லை.

அதுவரை நாம் காத்திருக்கப் போவதில்லை. மாப்ளே வட்டத்தில் பிறந்து, இங்கே வந்து உட்கார்ந்திருக்கிற தோழர்களுக்கு ஒன்று. உங்களுக்குத் தொழில் தெரியும், உங்களுக்குக் கற்றுக்கொடுக்கப்பட்டது. அடுத்த மாட்டுக்கு யாரைக் கூப்பிடப் போகிறீர்கள் என்பதில் உங்கள் சாதி ஒழிப்பை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்போது ஒரு நோட்டு சுற்றி வரும். பெயர், வேலை பார்க்கிற இடம், என்ன தெரியும், ராத்திரி எத்தனை மணிவரை போன் எடுப்பீர்கள், இந்த நாலும் எழுதுங்கள். உதவியாளர்களும் எழுதுங்கள், நீங்களும் கற்றுக்கொடுப்பவர்கள்தான். எனக்கு ராத்திரி 2 மணி என்றாலும் பரவாயில்லை, முறுக்கம் என்றால் கூப்பிடுங்கள். சிக்னல் இல்லாத ஊர்க்காரர்கள் அதையும் குறித்து வையுங்கள், அடுத்த மாதம் அங்கே நேரில் போவது பற்றிப் பேசுவோம். பேனா யாரிடம் இருக்கிறது?