பழைய கணக்கும் புதிய பொறியும்



ஒரு வணிகர் தம் கணக்குப்பிள்ளையை மாற்றிவிடலாம். முப்பது ஆண்டுப் பேரேட்டை மாற்ற இயலுமா? நான் கல்லூரியில் பயின்றபோது, விரைவு மிக்க கணிப்பொறியே சந்தையில் வெல்லும் என்று எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தைத் திருத்திய வரலாறு ஒன்றை இன்று சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் 1959ஆம் ஆண்டில் 1401 என்னும் கணிப்பொறியை அறிவித்தது. எண்டிகாட் நகரில் உருவான இப்பொறி, சம்பளப் பட்டியல், கிடங்கு இருப்பு முதலிய அன்றாடக் கணக்குகளுக்கு மிகவும் ஏற்றதாயிருந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவை நிறுவப்பெற்றன. அதே நிறுவனத்தின் பொக்கிப்சி நகரப் பிரிவோ 7000 வரிசைப் பெரும்பொறிகளைச் செய்து வந்தது. இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தாம். ஆயினும் ஒன்றின் மொழி மற்றொன்றுக்கு விளங்காது. தொழில் பெருகிப் பெரிய பொறியை நாடும் வாடிக்கையாளர், தாம் எழுதி வைத்திருந்த நிரல்களையெல்லாம் மீண்டும் எழுதவேண்டும். பல ஆண்டு உழைப்பு வீணாகும்.

பல வரிசைகளையும் கைவிட்டு, ஒரே மொழி பேசும் பொறிக் குடும்பம் ஒன்றை ஆக்குக என்று நிறுவனத்தின் குழு ஒன்று 1961 இறுதியில் பரிந்துரைத்தது. நல்ல யோசனைதான். ஆனால் அப்புதிய மொழி 1401இன் மொழியன்று! வாடிக்கையாளர் எல்லோரும் ஒருமுறையேனும் நிரல்களை மாற்றியெழுத நேரும். எப்படியும் எழுதத்தான் வேண்டுமெனில், வேறு நிறுவனத்தாரின் பொறியை நாடினால் என்ன?

1963 டிசம்பரில் ஹனிவெல் நிறுவனம் இந்த இடத்தில்தான் கை வைத்தது. அதன் 200 என்னும் பொறி, 1401இன் நிரல்களை மாற்றித் தரும் 'லிபரேட்டர்' என்ற கருவியுடன் வந்தது. விடுதலையளிப்பவன் என்பது அதன் பொருள், குறும்பான பெயர்தான். வாடிக்கையாளர் பலர் அப்பக்கம் திரும்பினர். பழைய 1401ஐயே விரைவுபடுத்தி விற்கலாம் என்று ஐ.பி.எம்.முக்குள்ளேயே வாதம் எழுந்தது. புதிய குடும்பத்தின் கதி ஊசலாடிற்று.

விடை பொறியின் உள்ளமைப்பிலேயே கிடைத்தது. 1964 ஏப்ரல் 7ஆம் நாள் 'சிஸ்டம் 360' குடும்பம் அறிவிக்கப்பெற்றது. அதன் சிறிய பொறியாகிய 30ஆம் மாதிரியில், ஒவ்வோர் ஆணையையும் நிறைவேற்றும் நுண்படிகள் தனியொரு நினைவகத்தில் பதிக்கப்பட்டிருந்தன. அங்கே 1401இன் ஆணைகளுக்குரிய நுண்படிகளையும் சேர்த்துவிட்டால், பழைய நிரல் மாற்றமின்றி ஓடும். முன்னினும் விரைவாகவே ஓடும்.

பின்னர் நிகழ்ந்ததுதான் விந்தை. பல நிறுவனங்கள் புதிய பொறியை வாங்கி, ஆண்டுக்கணக்கில் அதைப் பழைய 1401 ஆகவே இயக்கி வந்தன. அரும்பாடுபட்டுப் புதுமொழி வகுத்த பொறியாளர்கள் என்ன நினைத்தனரோ! ஆயினும் நிரல்கள் மெல்ல மெல்லப் புதுமொழிக்கு மாறின. அம்மொழியில் அன்று எழுதப்பெற்றவற்றுள் பல, இன்றைய ஐ.பி.எம். பெரும்பொறிகளிலும் ஓடக்கூடியவை.