காண்டன் போகும் தம்பிமார்களுக்கு

(சீனாவின் குவாங்சோ நகர வணிகக் கண்காட்சிக்குச் செல்லவிருக்கும் நம் பகுதிச் சிறு வியாபாரிகளுக்காக, அறக்கட்டளை அலுவலகத்தில் அஸர் தொழுகைக்குப் பின் நடந்த கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





கன்டெய்னர் லாரிகளைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி என மூன்று துறைமுகங்களும் நம் வாசலில் இருக்கின்றன. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நம் பிள்ளைகள் அந்தப் பெட்டிகளை ஏற்றுகிறார்கள், இறக்குகிறார்கள், லாரி ஓட்டுகிறார்கள். பெட்டிக்குள் இருப்பதை வாங்கி விற்பவர்களாகவும் நாம் ஆக வேண்டும் என்று நம் இளைஞர்கள் ஆசைப்படுவது நல்ல ஆசை. அதற்காகச் சிலர் குவாங்சோவுக்குப் புறப்படத் தயாராகிறார்கள். நம் பெரியவர்கள் காண்டன் என்று சொன்ன ஊர் அதுதான்.

இந்த மாதிரிக் கூட்டங்களில், கல்வியைத் தேடிச் சீனா வரை போகச் சொல்லும் வாசகத்தை நபிமொழி என்று சொல்லித் தொடங்குவது வழக்கம். மதரஸாவில் ஓதியவர்கள் என்ற முறையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்று இமாம் பைஹகீ கூறியிருக்கிறார்கள். இப்னுல் ஜவ்ஸீ அதை இட்டுக்கட்டப்பட்டவற்றின் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறார்கள். ஆகவே அதை நபி (ஸல்) அவர்களின் பெயரால் சொல்ல வேண்டாம். கல்வி தேடுவது கடமை என்பதற்கும், நேர்மையான வியாபாரத்தின் சிறப்புக்கும் வேறு ஆதாரங்கள் நம்மிடம் நிறைய உண்டு.

முஸ்லிம்களுக்கு அந்த ஊர் புதிதல்ல. கி.பி. 851இல் எழுதப்பட்ட அரபுப் பயணக் குறிப்பிலேயே, கான்ஃபூ என்று அரபிகள் அழைத்த அந்தத் துறைமுகத்தில் முஸ்லிம் வணிகர்களுக்குத் தனியாக ஒரு காழி இருந்த செய்தி வருகிறது. 14ஆம் நூற்றாண்டில் மதுரையைப் பார்த்துவிட்டுச் சென்ற இப்னு பதூதா அங்கும் போயிருக்கிறார். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ இலங்கையின் காலியில் நிறுவிய, 1409ஆம் ஆண்டு தேதியிட்ட கல்வெட்டில் சீனம், பாரசீகத்தோடு நம் தமிழும் இருக்கிறது. அந்தக் கடலில் தமிழ் ஒரு வியாபார மொழியாக இருந்ததற்கு அது சாட்சி. செங் ஹோ ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர்.

இனி விஷயத்துக்கு வருகிறோம். முதலில் எங்கள் தவறு ஒன்றை உங்கள் முன் வைக்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சகோதரர் சீனாவிலிருந்து பொம்மை இறக்குவதாகச் சொல்லி, நம் கர்ழன் ஹஸனா நிதியில் கடன் கேட்டார். நல்ல பையன், ஐவேளை தொழுகிறவர். கொடுத்தோம். சரக்கு வந்து துறைமுகத்தில் நின்றது. 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத பொம்மை இந்தியாவுக்குள் வர முடியாது. அதற்கான உரிமம், தயாரிக்கும் வெளிநாட்டுத் தொழிற்சாலையின் பெயரிலேயே இருக்க வேண்டும். சரக்கு வந்த பிறகு இங்கே ஓடி வாங்கக்கூடியது அல்ல. டெமரேஜ் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் சரக்கைக் கைவிட்டார். அவர் மனைவியின் நகையும் போனது. தொழுகிறாரா என்று பார்த்த நாங்கள், அவர் வாங்கப்போகும் பொருள் இங்கே இறங்குமா என்று கேட்கவில்லை. அது உங்கள் ஸதகா பணம். அல்லாஹ்விடம் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்.

அதனால்தான் இப்போது நான்கு கேள்விகள் வைத்திருக்கிறோம். கடன் கேட்காதவர்களும் இவற்றைத் தங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி: என்ன வாங்கப் போகிறீர்கள்?

1957 முதல் நடந்துவரும் காண்டன் கண்காட்சி ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல் 15 வாக்கிலும் அக்டோபர் 15 வாக்கிலும் தொடங்குகிறது. மூன்று கட்டமாக நடக்கும். முதல் கட்டத்தில் மின்னணுப் பொருட்களும் இயந்திரங்களும், இரண்டாவதில் வீட்டு உபயோகப் பொருட்களும் பரிசுப் பொருட்களும், மூன்றாவதில் துணிமணியும் பொம்மையும் இருக்கும். பாத்திரம் வாங்கப் போகிறவர் முதல் கட்டத்தில் போய் இறங்கினால் ஓட்டல் வாடகைதான் மிச்சம். பொம்மைக்கு மட்டுமல்ல, பவர் பேங்க், சார்ஜர், எல்.இ.டி. விளக்கு ஆகியவற்றுக்கும் பி.ஐ.எஸ். பதிவு வேண்டும். இ-சிகரெட்டுக்கு 2019 முதல் தடை. டிரோன் இறக்குமதிக்கு 2022 முதல் தடை. புறப்படும் முன் ஒரு நல்ல சுங்க முகவரிடம் பொருளின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அந்த ஒரு மணி நேரம் பல லட்சத்தைக் காப்பாற்றும்.

கண்காட்சிக்கு வரும் தொழிற்சாலைகள் பெரும்பாலும் மொத்தமாகத்தான் தரும். சிறு அளவில் பலவகைச் சரக்கு வேண்டுமென்றால் யிவூ நகரின் மொத்தச் சந்தைதான் நமக்குத் தோது. மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரு கன்டெய்னரைப் பகிரலாம். சேர்ந்தால் யாருக்கு எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமே கடனை எழுதி வைப்பது பற்றியதுதான்.

இரண்டாவது கேள்வி: யாருடைய பணம், எந்த வழியில் போகிறது?

வட்டிக்கு வாங்கிய பணத்தில் பரகத்தைத் தேடாதீர்கள். முன்பணம் கொஞ்சம், கப்பல் ஏறும் முன் மீதி என்பதுதான் அங்கே வழக்கம். நிறுவனத்தின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு, இங்குள்ள வங்கி வழியாகவே அனுப்புங்கள். தனி ஆள் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். உண்டியலில் அனுப்பினால் நாளைக்குச் சரக்கு வராதபோது கேட்பதற்கு ஒரு ரசீதுகூட இருக்காது. சட்டமும் உங்கள் மேல்தான் பாயும்.

மூன்றாவது கேள்வி: யாருடைய சரக்கு?

இதைச் சொல்லத்தான் இந்தக் கூட்டத்தையே கூட்டினோம். பிறர் சரக்கைப் பையில் சுமந்து வருகிறவரை நம் பகுதியில் குருவி என்கிறோம். டிக்கெட் இலவசம், கைச்செலவுக்குப் பணம், ஊரும் பார்க்கலாம் என்று சொல்லி, வேலையில்லாத பையன்களைத்தான் தேடி வருகிறார்கள். பெட்டியைக் கட்டியவன் ஒருவன், அனுப்பியவன் ஒருவன், மாட்டுகிறவன் நம் பிள்ளை. சீனாவில் போதைப்பொருள் குற்றத்துக்கு மரண தண்டனை வரை உண்டு. எனக்குத் தெரியாது என்று சொல்வது அங்கே ஒருவரைக் காப்பாற்றிவிடும் என்று நம்பாதீர்கள். பக்கத்து வீட்டு மாமா கொடுத்த ஊறுகாய்ப் பாட்டிலாக இருந்தாலும் திறந்து பார்க்காமல் வாங்காதீர்கள். அமானிதத்தை ஏற்கும் முன் அது என்னவென்று தெரிந்துகொள்ள நமக்கு உரிமை இருக்கிறது. இறக்குமதியும் அப்படித்தான். உங்கள் பெயரில் ஐ.இ.சி. எண் எடுத்து உங்கள் சரக்கை இறக்குங்கள். உங்கள் எண்ணை யாருக்கும் வாடகைக்கு விடாதீர்கள்.

நான்காவது கேள்வி: வீட்டில் யாருக்குத் தெரியும்?

விசா நகல், ஓட்டல் முகவரி, திரும்பும் தேதி ஆகியவை மனைவியிடமோ தாயிடமோ இருக்க வேண்டும். கொடுக்க வேண்டிய கடன்களை எழுதி வஸிய்யத்தாக வைத்துவிட்டுப் போங்கள். ஹஜ்ஜுக்குப் போகும்போது செய்வதை இதற்கும் செய்தால் என்ன?

இனி வழிச் செலவுக்கான சில சொற்கள். வியாபாரத்துக்குப் போகிறவர் அழைப்புக் கடிதத்தோடு எம் வகை விசா எடுக்க வேண்டும். ஏஜென்ட் நிரப்பும் படிவத்தை நீங்களே படித்துக் கையெழுத்திடுங்கள். 2020இல் நின்றுபோன இந்தியா–சீனா நேரடி விமானங்கள் 2025 அக்டோபரில் மீண்டும் தொடங்கின. கொல்கத்தா, டெல்லியிலிருந்து குவாங்சோவுக்குப் போகலாம். சென்னையிலிருந்து கோலாலம்பூர், சிங்கப்பூர் வழியாகவும் போகலாம். ஓட்டலில் தங்கினால் காவல்துறைப் பதிவை அவர்களே செய்வார்கள். நண்பர் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் நீங்கள் போய்ப் பதிய வேண்டும்.

அங்கே டீக்கடையில்கூடக் கைப்பேசியில்தான் பணம். அலிபேயில் உங்கள் விசா, மாஸ்டர் கார்டை இங்கேயே இணைத்துவிடுங்கள். கூகுளும் வாட்ஸ்அப்பும் அங்குள்ள இணையத்தில் திறக்காது. வீசாட்டை இங்கேயே போட்டு, வீட்டாருக்கும் பழக்கிவிடுங்கள். யிவூவுக்கு உள்நாட்டு விமானத்தில் போவதானால், 3சி முத்திரை இல்லாத பவர் பேங்கை 2025 ஜூன் 28 முதல் ஏற்றுவதில்லை.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். ஹலால் கடைகளின் பலகையில் சிங்ஜென் என்று இரண்டு சீன எழுத்துகள் இருக்கும். அரபி எழுத்து இல்லாத பலகைகளும் உண்டு. அந்த இரண்டு எழுத்துகளையும் கைப்பேசியில் படமாக வைத்துக்கொள்ளுங்கள். சீன முஸ்லிம்கள் நடத்தும் லான்சோ மாட்டிறைச்சி நூடுல்ஸ் கடைகள் ஊரெங்கும் இருக்கின்றன. ஜும்ஆவுக்குக் குவாங்தா சாலையில் உள்ள ஹுவைஷெங் பள்ளிவாசலுக்குப் போகலாம். அதன் பழைய மினாரா சுமார் 36 மீட்டர் உயரம். ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களின் அடக்கத்தலம் என்று அங்கே ஓர் இடத்தைக் காட்டுவார்கள். அந்த ஸஹாபி மதீனாவில் அடங்கியிருப்பதே வரலாற்றில் உறுதியானது. கஸ்ர் தொழுகையைப் பொறுத்தவரை, போகும் நாளும் வரும் நாளும் நீங்கலாக நான்கு நாள் தங்க நிய்யத் வைத்தால் ஷாஃபிஈ மத்ஹபில் சலுகை இல்லை. ஹனஃபியில் அது பதினைந்து நாள். மார்க்கப் புத்தகங்களையும் பிரசுரங்களையும் விநியோகிக்கக் கொண்டுபோகாதீர்கள். வெளிநாட்டவர் மதப் பிரச்சாரம் செய்ய அங்கே சட்டம் இடம் தருவதில்லை. உங்கள் வாக்கும் நாணயமுமே உங்கள் தஃவாவாக இருக்கட்டும்.

தம்பிமார்களே! அந்த நகரத்தின் கண்ணாடிக் கோபுரங்களையும் அகலமான சாலைகளையும் பார்த்து வியந்து வாருங்கள், அதில் தவறில்லை. ஆனால் போகும்போது எவருடைய பெட்டியும் உங்கள் கையில் இருக்க வேண்டாம். வரும்போது எவருடைய சாபமும் உங்கள் தலையில் இருக்க வேண்டாம். பயணத் திட்டத்தை எழுதிக்கொண்டு அலுவலகத்துக்கு வாருங்கள், மக்ரிபுக்குப் பின் நாங்கள் இருப்போம். பழைய கடனில் தவித்த அந்தச் சகோதரரும் இருப்பார். தவணையைக் குறைத்துக் கொடுத்தோம், கட்டிக்கொண்டிருக்கிறார். இப்போது புறப்படுகிறவர்களின் பொருள் பட்டியலைச் சரிபார்ப்பது அவர்தான். அவரை விட நன்றாக அதைச் சொல்ல எங்களுக்கு ஆள் இல்லை.

அல்லாஹ் உங்கள் பயணத்தை இலேசாக்கி, ஹலாலான ரிஸ்க்கோடு உங்களை வீடு சேர்ப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.