சர்வரின் சாவி யார் கையில்?

(சங்க ஊழியர் வகுப்பில் நிகழ்த்திய பேச்சு)



சர்வர் என்றதும், அது படித்தவர்கள் விவகாரம், நமக்கென்ன என்று நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம். இன்று சங்கச் செய்தி முழுவதும் அதன் வழியாகத்தானே போகிறது?

ஐ.ஆர்.சி. என்ற உரையாடல் முறை 1988ல் பின்லாந்தின் ஔலு பல்கலைக்கழகத்தில் பிறந்தது. சர்வரோடு சர்வர் கைகோத்து நிற்கும். ஓரிடத்தில் பேசுவது எங்கும் போகும். 1990ல் அமெரிக்காவில், பெர்க்கிலியில் இருந்த ஒரு சர்வர், வந்த சர்வரையெல்லாம் பாஸ்வேர்டு கேளாமல் சேர்த்துக்கொண்டது. கதவில்லாத வீடு! தொல்லை பெருகவே, மற்றவர்கள் அதைத் தள்ளிவைத்துவிட்டுத் தனியே பிரிந்தார்கள்.

அதைவிட மோசமான சங்கதி ஒன்று உண்டு. அன்ரியல் ஐ.ஆர்.சி.டி. என்ற சர்வர் சாப்ட்வேரை இலவசமாக வினியோகித்தார்கள். 2009 நவம்பர் வாக்கில் ஒரு விஷமி, வினியோக இடத்திலிருந்த பிரதியை எடுத்துவிட்டுத் திருட்டுப் பிரதியை வைத்துவிட்டான். அதில் ஒரு பின்வாசல். பழுது பார்ப்பதற்காக எழுதும் சாதாரண வரி போல வேஷம் போட்டிருந்தது. விஷயம் தெரிந்தவன் இரண்டெழுத்தை முன்னால் சேர்த்து எதை அனுப்பினாலும், அந்தக் கம்ப்யூட்டர் கட்டளையாக ஏற்றுச் செய்துவிடும்! 2010 ஜூன் வரை, சுமார் ஏழு மாதம், அது வெளிப்படவில்லை. இத்தனைக்கும் மூல வரிகள் எல்லோரும் படிக்கத் திறந்தே கிடந்தன. திறந்து வைத்தால் போதுமா? உட்கார்ந்து படிக்க ஆள் வேண்டாமா? இனி வெளியிடும் பிரதிகளில் கையொப்பம் இடுவோம் என்று பிறகு அறிவித்தார்கள். நல்லதுதான், வாங்குகிறவன் அதைச் சரிபார்த்தால்தான் பயன்.

ஆகவேதான் வேண்டாத வசதிகளை வெட்டியெறியச் சொல்கிறோம். ஓட்டாத பெல்ட்டை மிஷினில் மாட்டி வைத்தால் என்றைக்காவது கையைப் பிடித்திழுக்கும். வரிகள் குறைந்தால் படிக்கிற கண்கள் கூடும். பழுதும் சீக்கிரம் தென்படும்.

உடைமைப் பிரச்னையும் இருக்கிறது. பிரீநோடு என்ற பெரிய ஐ.ஆர்.சி. வலையைத் தொண்டர்கள் ஊதியமின்றி நடத்தினார்கள். அது யாருடையது என்ற தகராறு 2021ல் முற்றியது. தொண்டர்கள் கூட்டமாக ராஜினாமா செய்தார்கள். மே 19ந் தேதி லிபெரா சாட் என்ற புதிய வலையை அறிவித்தார்கள். சுவீடனில் லாப நோக்கமற்ற ஸ்தாபனமாக அது நடக்கிறது. உழைத்தவன் ஒருவன், பத்திரம் வைத்திருப்பவன் வேறொருவன். நிலத்தில் நாம் காணாத கதையா?

ஆபரேட்டருக்கு வருவோம். யாரையும் வெளியே தள்ள, திரும்பி வராமல் தடுக்க அவனால் முடியும். சர்வர் கம்ப்யூட்டரே அவன் கையிலிருந்தால், பூட்டுச் சங்கேதமின்றி வரும் செய்திகளையும் படிக்கலாம். நாலு பேர் ஒரே பாஸ்வேர்டில் நுழைந்தால், செய்தது யார் என்று எவனைக் கேட்பது? ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், தனி பாஸ்வேர்டு. யாரை, எப்போது, எதற்காக நீக்கினான் என்ற பதிவேடு. சங்கப் பொருளாளர் கணக்குப் புத்தகத்தைக் கமிட்டி முன் வைக்கிறாரே, அதைப் போலவே இதையும் மாதந்தோறும் வைக்கச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் அன்றே அவனுடைய அதிகாரத்தை எடுத்துவிடுங்கள்.