நத்தை கொடுத்த வாழ்நாள் சான்று

(நம் குடியிருப்பின் மூத்தோர் மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் கேட்டதால் எழுத்தில் தருகிறோம்.)



போன கூட்டத்தில் டாக்டர் சர்க்கரை நோய் பற்றிப் பேசினார். அதற்கு முந்தின கூட்டத்தில் உயில் எழுதுவது பற்றி வக்கீல் பேசினார். இந்த முறை என்னைப் பேசச் சொன்னதும் ஃபிக்ஸட் டெபாசிட் வட்டி பற்றிப் பேசுவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பீர்கள். ஆழ்கடல் நத்தை என்று வாட்ஸ்அப் குழுவில் தலைப்பைப் பார்த்ததும், சாருக்கு என்ன ஆச்சு என்று இரண்டு பேர் என் வீட்டம்மாவிடம் விசாரித்தார்களாம். ஒன்றும் ஆகவில்லை. நான் படித்தது பி.காம். விலங்கியலுக்கும் எனக்கும் இருந்த உறவு பள்ளிக்கூடத்தோடு முடிந்தது. ஆனாலும் இந்த நத்தை கொஞ்ச நாளாக என் மனதை விட்டுப் போகவில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்ததும் என்னை அரியலூர்ப் பக்கம் ஒரு கிளையில் போட்டார்கள். நகைக்கடனுக்கு வரும் ஒரு விவசாயி, உழும்போது கிடைத்ததென்று சுருள் சுருளான ஒரு கல்லைக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்தார். "நத்தைக் கல்லு சார். ஃபேன் காத்துல சலான் பறக்குதுல்ல, மேல வச்சுக்குங்க" என்றார். மாற்றலாகி வரும்போது அதையும் கொண்டுவந்துவிட்டேன். இதோ மேஜையில் இருக்கிறதே, இதுதான்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் பேத்தி, "இது என்ன தாத்தா?" என்றாள். நத்தை என்றேன். அவள் போனில் படம் எடுத்துத் தேடிப் பார்த்துவிட்டு, "இது நத்தையே இல்லை தாத்தா, அம்மோனைட்" என்றாள். கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும் சொந்தக்கார உயிராம். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் அழிந்த அதே காலத்தில் அடியோடு அழிந்துபோன இனம். முப்பது வருடத்துக்கு மேல் ஒருவர் கணக்கை இன்னொருவர் பெயரில் வைத்திருந்திருக்கிறேன்! சரி, அரியலூர்ப் பாறையில் நிஜமான நத்தை எதுவும் இல்லையா என்று தேடப் போய்த்தான் பிளவு நத்தையிடம் வந்து சேர்ந்தேன்.

அரியலூரில் ஏது கடல் என்று கேட்பீர்கள். திருநெல்வேலிச் சீமைக்காரர்களுக்கு இதை நம்புவது கஷ்டமில்லை. கொற்கை பாண்டியர்களின் துறைமுகம், முத்துக்குப் பேர் போனது. இன்று கொற்கைக் குளத்தங்கரையில் நின்றால் கடல் கண்ணுக்கே தெரியாது. தாமிரபரணி கொண்டுவந்து சேர்த்த மண்ணில் கரை விலகிவிட்டது. ஆறு இப்போது புன்னைக்காயலில்தான் கடலைத் தொடுகிறது. இரண்டாயிரம் வருடத்தில் இவ்வளவு மாற்றம் என்றால், கோடிக்கணக்கான வருடத்தில் என்னதான் நடக்காது? சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இன்றைய அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிகள் கடலுக்கு அடியில் இருந்தன. அந்தக் கடலில் வாழ்ந்தவைதான் அங்கே கல்லாகிக் கிடக்கின்றன.

1840களில் கே, கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பக்கங்களில் இந்தக் கற்களைச் சேகரித்து லண்டனுக்கு அனுப்பினார்கள். பிறகு இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் இருந்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா வந்தார். இன்றைய செக் நாட்டுப் பகுதியில் பிறந்தவர். தென்னிந்தியப் பாறைகளில் கிடைத்த நத்தை வகைகளுக்கென்றே ஒரு தனித் தொகுதி எழுதி 1868ல் முடித்தார். அப்போது அவருக்கு வயது 30. அடுத்த ஆறு வருடத்தில் லடாக் மலையில் இறந்துபோனார். அந்தத் தொகுதியில் பிளவு நத்தைகளும் இடம்பெற்றிருக்கின்றன. ஆக, நம் தமிழ்நாட்டு மண்ணிலேயே இந்தக் குடும்பத்தின் பழைய பதிவேடு இருக்கிறது.

அது என்ன பிளவு? திருச்செந்தூர்க் கடைகளில் பம்பரம் மாதிரி கூம்பு வடிவச் சங்குகள் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அந்த வடிவம்தான். ஆனால் வாய் ஓரத்தில், ரம்பம் வைத்து அறுத்த மாதிரி ஒரு நீளமான வெட்டு இருக்கும். முதலில் பார்க்கிறவர்கள் உடைந்த சங்கு என்றுதான் நினைப்பார்கள். உடைசல் இல்லை, அது கழிவுநீர்ப் பாதை.

நத்தையின் உடம்பு ஓட்டுக்குள் முறுக்கிக்கொண்டு இருப்பதால், கழிவு வெளியேறும் இடம் தலைக்கு மேலேயே வந்துவிடுகிறது. மூச்சுவிடும் செவுள்களும் அங்கேதான் இருக்கின்றன. சமையலறை ஜன்னலுக்கு நேர் மேலே கழிவுநீர்க் குழாய் வைத்து வீடு கட்டின மாதிரி. நம் பி பிளாக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பிளவு நத்தை இதை எப்படிச் சமாளிக்கிறது? இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று அதற்கு இரண்டு செவுள்கள். நல்ல தண்ணீர் இரண்டு பக்கமும் உள்ளே வந்து செவுள்களைக் கடந்து, நடுவில் இருக்கும் பிளவு வழியாகக் கழிவையும் இழுத்துக்கொண்டு வெளியே போய்விடுகிறது. நத்தை வளர வளர ஓடும் வளரும். முன்பக்கம் பிளவு நீளும்போது பின்பக்கம் பழைய பிளவை அதுவே பூசி அடைத்துக்கொள்ளும். அடைத்த தடம் மட்டும் ஓட்டைச் சுற்றி ஒரு பட்டையாகத் தெரியும்.

இதில் ஒரு கஷ்டமும் உண்டு. வெட்டு விழுந்த இடம் பலவீனமான இடம். நண்டு வந்தால் ஓட்டின் ஓரத்தை உடைக்கப் பார்க்கும். தப்பித்த நத்தை உடைந்த இடத்தை மறுபடி கட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டுப்போட்ட தழும்புகள் பல ஓடுகளில் இருக்கின்றன. தொந்தரவு செய்தால் பால் மாதிரி ஒரு வெள்ளைத் திரவத்தையும் விடும். மற்றபடி கடற்பஞ்சைத் தின்றுகொண்டு மெதுவாக ஊர்கிற சாதுவான உயிர்.

இதே பிரச்சினையை மற்ற சொந்தங்கள் வேறு விதமாகத் தீர்த்துக்கொண்டன. மன்னார் வளைகுடாவில் கிடைக்கும் அபலோன் என்ற காதுச்சிப்பிக்குப் பிளவு இல்லை. வரிசையாகத் துளைகள் உண்டு. நம் தூத்துக்குடிச் சங்கு ஒரு செவுளோடு நிறுத்திக்கொண்டது. தண்ணீர் ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போய்விடும், ஓட்டில் வெட்டே வேண்டாம். பிளவு நத்தை மட்டும் பழைய வழியை விடவில்லை.

எவ்வளவு பழைய வழி? பிளவுள்ள நத்தை ஓடுகள் 45 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழமையான பாறைகளில் கிடைக்கின்றன. இன்று உயிரோடிருக்கும் குடும்பத்துக்கே 20 கோடி ஆண்டுகளுக்கு மேல் வயது. சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் உயிரினங்களில் பெரும்பகுதி அழிந்த காலத்தை இந்த வம்சம் தாண்டியது. என் மேஜைக்கல்லின் வம்சத்தை முடித்துவைத்த அழிவையும் தாண்டியது.

ஆனால் இவை எதுவும் 1850 வரை யாருக்கும் தெரியாது. பாறைகளில் நூற்றுக்கணக்கில் கிடைத்தனவே தவிர, கடலில் ஒன்றைக்கூட அறிவியலாளர்கள் கண்டதில்லை. அதனால் இந்த இனம் அழிந்துவிட்டது என்று எழுதி, கணக்கை முடித்துவிட்டார்கள்.

1850களின் நடுவில் மேற்கிந்தியத் தீவுகளில் மரி கலாந்த் என்ற தீவுக்குப் பக்கத்தில் போட்டிருந்த ஒரு மீன்பொறியில் ஓர் ஓடு வந்தது. பிளவோடு, புதிதாக, கல்லாகாத ஓடு. உள்ளே நத்தை இல்லை. ஒரு துறவி நண்டு குடியிருந்தது. வீட்டுக்காரர் போய் வாடகைக்காரர் இருக்கிறார், அவ்வளவுதான். ஆனாலும் வீடு புதிது என்றால் வீட்டுக்காரரும் சமீபம்வரை இருந்திருக்க வேண்டுமே? 1856ல் பிரெஞ்சு அறிஞர்கள் ஃபிஷரும் பெர்னார்டியும் அதற்குப் பெயரிட்டார்கள். 1871ல் லூயி அகாசி போன கப்பல், பார்படோஸ் தீவு அருகே உயிருள்ள நத்தையையே எடுத்தது.

ஜப்பான் கதை இன்னும் வேடிக்கை. 1877ல் ஹில்கன்டோர்ஃப் என்ற ஜெர்மானியப் பேராசிரியர் அங்கே ஒரு பிளவு நத்தைக்குப் பெயரிட்டார். ஓடு அவருக்கு எங்கே கிடைத்தது தெரியுமா? எனோஷிமா தீவில், யாத்ரீகர்களுக்குச் சங்கு விற்கும் கடையில்! திருச்செந்தூர்க் கடை மாதிரி ஒரு கடை. உலகமே தேடிய பொருள் கடைக்காரர் பலகையில் இருந்திருக்கிறது. ஜப்பானியர் அதைப் பணக்காரச் சங்கு என்றும் சொல்கிறார்கள். ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒன்றைப் பிடித்துக் கொடுத்த மீனவர், கிடைத்த சன்மானத்தைப் பார்த்துப் பணக்காரனாகிவிட்ட மாதிரி இருக்கிறது என்றாராம்.

வங்கிக்காரன் விலை சொல்லாமல் விடக் கூடாது. 1969ல் ஜப்பானின் தோபா மீன் காட்சியகம் பெரிய வகைப் பிளவு நத்தை ஓடு ஒன்றை 10,000 டாலர் கொடுத்து வாங்கியது. நம் நாட்டில் 14 வங்கிகள் தேசியமயமான வருடம் அது. டாலர் 7 ரூபாய் 50 காசு. ஆக, 75,000 ரூபாய். என் அப்பாவுக்கு அப்போது மாதச் சம்பளம் 250. சாப்பிடாமல் சேர்த்தாலும் இருபத்தைந்து வருடம் ஆகும்.

இத்தனை காலம் இவை எங்கே இருந்தன? பழைய காலத்தில் ஆழம் குறைந்த கடலில் வாழ்ந்தவை, இன்று பெரும்பாலும் 100 மீட்டருக்குக் கீழே, சில நூறு மீட்டர் ஆழத்தில் வாழ்கின்றன. மேலே ஓடு உடைக்கும் பிராணிகள் பெருகியதால் ஒதுங்கியிருக்கலாம் என்பது ஒரு கருத்து. நம் சங்குக் குளிகாரர்கள் மூச்சடக்கி இறங்கும் ஆழமெல்லாம் அதற்குப் போதாது. அவை தொலைந்துபோகவில்லை. நாம் போய்ப் பார்க்கவில்லை.

இனி, இது ஏன் என் மனதை விட்டுப் போகவில்லை என்று சொல்கிறேன்.

தொண்ணூறுகளில் தாமிரபரணிக் கரையில் ஓர் ஊர்க் கிளையில் பென்ஷன் கவுண்டர் என் பொறுப்பு. நவம்பரில் பென்ஷன்காரர்கள் நேரில் வந்து வாழ்நாள் சான்று கொடுக்க வேண்டும், உங்களுக்கே தெரியும். ரயில்வேயில் வேலை பார்த்து இறந்தவரின் மனைவி ஒரு அம்மா, அந்த வருடம் வரவில்லை. பக்கத்துத் தெருக்காரர் ஒருவரிடம் கேட்டேன். "அந்தப் பாட்டியை ஆளையே காணோமே, போய்ச் சேர்ந்திருக்கும்" என்றார். நான் லெட்ஜரில் ‘இறந்ததாகத் தகவல்’ என்று எழுதிவிட்டேன். விசாரிக்கக் கடிதம்கூடப் போடவில்லை. பென்ஷன் நின்றது.

மார்ச் மாதம் ஒரு ஆட்டோ வந்து நின்றது. இரண்டு பேர் கைத்தாங்கலாக அந்த அம்மாவை இறக்கினார்கள். இடுப்பெலும்பு முறிந்து மகள் வீட்டில் கிடந்திருக்கிறார். வைத்தியத்துக்கு மூக்குத்தியை அடகு வைத்திருக்கிறார். கவுண்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எய்யா, நான் இருக்கம்லா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். திட்டவில்லை. மேனேஜர் அந்த வாரமே பாக்கியைப் போடச் சொன்னார். பணம் சரியாகிவிட்டது. நான் எழுதிய அந்த ஒரு வரி சரியாகவில்லை. யாரும் என்னைத் தண்டிக்கவும் இல்லை.

நத்தை வாசித்தபோது அந்த அம்மா குரல்தான் கேட்டது. கண்ணில் படவில்லை என்பதற்கும் இல்லை என்பதற்கும் வித்தியாசம் உண்டு. போய்ப் பார்க்கிற வேலையை நாம் செய்யாவிட்டால் அந்த வித்தியாசம் நமக்குத் தெரியாது.

நம் குடியிருப்பிலும் தனியாக இருக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள் சென்னையில், பெங்களூரில், வெளிநாட்டில். லிஃப்ட் பழுதான வாரத்தில் மேல் மாடியில் இருக்கும் ஒருவரை நாம் எத்தனை நாள் பார்க்கவில்லை என்று யோசித்துப் பாருங்கள். என் வேண்டுகோள் மூன்று.

முதலாவது, தினமும் காலை ஒன்பது மணிக்குள் தனியாக இருப்பவர்களுக்கு ஒரு போன். பிளாக்குக்கு இரண்டு பேர் முறை வைத்துக்கொள்ளலாம். எடுக்கவில்லை என்றால் நேரில் போய் மணி அடிக்க வேண்டும். வாசலில் பால் பாக்கெட் எடுக்காமல் கிடந்தாலும் அப்படியே. ஊருக்குப் போயிருப்பார் என்று நாமாக முடிவு செய்ய வேண்டாம்.

இரண்டாவது, அக்டோபர் கடைசியில் நம் ஹாலில் ஒரு வாழ்நாள் சான்று முகாம். 2014லிருந்து ஜீவன் பிரமாண் மூலம் மின்னணு முறையில் கொடுக்கலாம். தபால்காரரே வீட்டுக்கு வந்து பதிவு செய்யும் வசதியும் உண்டு. 80 வயது தாண்டிய மத்திய அரசு ஓய்வூதியர்கள் அக்டோபரிலேயே கொடுத்துவிடலாம். படுக்கையில் இருப்பவர்களின் பட்டியலை நான் தயாரித்து, ஒவ்வொரு வீட்டுக்கும் நானே வருகிறேன். எனக்கு அது பழைய கடன்.

மூன்றாவது, இந்த வருடச் சுற்றுலாவை அரியலூருக்குப் போடலாம். வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கல்லான மரமும் உண்டு. அந்தச் சுண்ணாம்புப் பாறை பல இடங்களில் சிமெண்டுக்காக வெட்டப்படுகிறது. நாம் குடியிருக்கும் கட்டடமும் சிமெண்டுதான், அதனால் யாரையும் குறை சொல்லவில்லை. இருக்கும்போதே பேரப்பிள்ளைகளுக்குக் காட்டிவிடலாம் என்கிறேன்.

காலை போன் முறைக்குப் பெயர் கொடுப்பவர்கள் செயலாளரிடம் இருக்கும் நோட்டில் எழுதுங்கள். முதல் பெயர் என்னுடையது, எழுதிவிட்டேன். கல்லைப் பார்க்க விரும்பும் குழந்தைகள் இப்போது மேஜைக்கு வரலாம். கனமாக இருக்கும், காலில் போட்டுக்கொள்ள வேண்டாம்.