றங்குப் பெட்டிக் கடிதங்கள்

1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. அச்சு நூலுக்கு வேறெங்கேனும் ஒரு பிரதி கிடைக்கலாம், கையெழுத்துக்கு ஏது?

1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் நல்லூரை விட்டு நடந்தபோது எம் வீட்டார் சுமந்தவை காணி உறுதிகளும் சாதகங்களும். மலாயாவிலிருந்து பேரனார் எழுதிய கடிதங்கள் றங்குப் பெட்டியிலே தங்கின. சம்பளம், சீதனம், அரிசி விலை எல்லாம் அவற்றில் இருந்தன. வரலாற்றாசிரியன் தேடுவதும் அவற்றைத்தானே. திரும்பிவந்தபோது பெட்டியே இல்லை. உறுதிக்காவது காணிப் பதிவகத்தில் பதிவு உண்டு!

2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களோடு கையெழுத்துகளையும் மின்படியாக்கிக் காத்துவருகிறது. உங்கள் வீட்டில் கடிதக் கட்டு உண்டா? கறையான் முந்துமுன் பிரியுங்கள். எழுதியவர், பெற்றவர், ஆண்டு மூன்றையும் உறையில் பென்சிலால் குறியுங்கள். பேனை வேண்டாம், மை ஊறும்.